‘அவன் அப்படித்தான்’ என்று விட்டுவிடலாமா? சிறப்பாசிரியரிடம் சில கேள்விகள்

இருபத்திரண்டு வருஷமாக ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியராக இருக்கிறேன். அவர்கள் வீட்டார் கேட்ட கேள்விகள் இவை. டாக்டர் இல்லை. மருந்தைப் பற்றிக் கேட்டால், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், என் மகனுக்கு 16 வயது. ஆட்டிசம், பேச்சு கிடையாது. மூன்று மாதமாகக் கன்னத்தில் அறைந்துகொள்கிறான், ராத்திரி தூங்குவதில்லை. ‘இந்தப் பிள்ளைகள் அப்படித்தான்’ என்கிறார்கள்.

மூன்று மாதமாக என்கிறீர்கள் பாருங்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆட்டிசம் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் வேறு ஏதோ வந்திருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, வயிறு, மலச்சிக்கல். கன்னத்தில் அறைகிறான் என்றால் நான் முதலில் பல் டாக்டரிடம்தான் போகச் சொல்வேன். என்னிடம் படித்த ஒரு பையன் தாடையில் குத்திக்கொண்டே இருந்தான். நாலு மாதம் அதை அடம் என்று நினைத்து, குத்தாத நாளெல்லாம் பரிசாக ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல்லில் சீழ். அவன் பட்ட வலியை நினைத்தால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. இன்னொன்று, ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வளரும் வயதில் வலிப்பு புதிதாகத் தொடங்குவது உண்டு. கண் நிலைகுத்திப்போகிறதா, சில நொடி கூப்பிட்டால் கவனிக்காமல் இருக்கிறானா என்று பாருங்கள்.

உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் அப்புறம் மனசு. தாத்தா பாட்டி யாராவது தவறினார்களா? வேன் டிரைவர், ஆயா யாராவது மாறினார்களா? யாராவது அடிக்கிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா? பேசாத பிள்ளைக்கும் துக்கம் உண்டு, பயம் உண்டு. ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அறைந்தான், அதற்கு முன்னால் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டான், வெளிக்குப் போனானா, எவ்வளவு தூங்கினான். பத்து நிமிஷம் மட்டுமே பார்க்கிற டாக்டருக்கு அந்த நோட்டு பெரிய உதவி.

கோவையிலிருந்து ஓர் அப்பா: மகளுக்கு 19 வயது, டவுன் சிண்ட்ரோம். ஒரு வருஷமாக மூலையில் உட்கார்ந்தே இருக்கிறாள். தானே குளித்தவள் இப்போது மறுக்கிறாள். இவர்களுக்கும் டிப்ரஷன் வருமா?

வரும் சார். ஆனால் முதலில் தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு அடிக்கடி வரும். அந்தச் சோர்வும் பார்க்க மனச்சோர்வு மாதிரியே இருக்கும். காது, கண், தூக்கத்தில் மூச்சு அடைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். அதோடு ஒன்று கேட்கிறேன். ஸ்கூல் போன வருஷம்தான் முடிந்ததா? நிறைய வீடுகளில் இதைப் பார்க்கிறேன். ஸ்கூல் நின்றதும் தோழிகள், யூனிஃபார்ம், காலை வேன் எல்லாம் ஒரே நாளில் போய்விடுகிறது. அவளுக்குப் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: ஆட்டிசம் உள்ள 14 வயது மகனுக்கு டாக்டர் எழுதிய ரிஸ்பெரிடோன் மருந்தைத் தருகிறோம். எடை ஏறிக்கொண்டே போகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆட்டிசத்தையே போக்கும் மருந்து எதுவும் இல்லை. இது கடும் எரிச்சலையும் ஆவேசத்தையும் தணிக்கத் தருவது. எடை கூடுவது இதன் தெரிந்த பக்கவிளைவு. எதற்காகத் தருகிறார்கள், எத்தனை மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எப்போது பரிசோதனை, அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தென்காசியிலிருந்து ஒரு தம்பி: மாமா மகனுக்கு 20 வயது, அறிவுசார் குறைபாடு. கோபம் வந்தால் அடிக்கிறான். கோயிலில் கொண்டுபோய்க் கட்டிப்போடலாம் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி, தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை. சாமி கும்பிடட்டும், நேர்ந்துகொள்ளட்டும், அது அவர்கள் நம்பிக்கை. கூடவே அவனை மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

சேலத்திலிருந்து: பையனுக்கு 18 ஆகப்போகிறது. கார்டியன் பேப்பர் அவசியமா?

18 முடிந்தால் பெற்றோர் தாமாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைக் கேளுங்கள். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லக்கூடிய பையனாக இருந்தால், அவனைக் கேட்காமல் எதையும் எழுதாதீர்கள்.

ஊர் வேண்டாம் என்ற 22 வயதுப் பெண்: அண்ணனுக்கு ஆட்டிசம். அம்மா தினமும் அழுகிறார். சில நாள் எனக்கு அண்ணனைப் பிடிக்கவே இல்லை டீச்சர்.

நீ அதை வாய்விட்டுச் சொன்னது நல்லதும்மா. பாசம் இருக்கிற வீட்டில்தான் இந்த அலுப்பும் வருகிறது. வாரத்தில் ஒரு சாயங்காலம் சித்தியோ அப்பாவோ அண்ணனைப் பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவும் நீயும் வெளியே போய்விட்டு வாருங்கள், கடைத்தெரு வரைக்குமானாலும் சரி. அப்புறம், மேலே சொன்ன 14416-க்கு நீயும் பேசலாம்.