தனிச் செல்லுக்கு அனுப்பிய உத்தரவு எங்கே?

கேள்வி: ஆயுள் தண்டனை அனுபவிக்கும் என் தம்பியிடம் செல்போன் இருந்ததாகக் கூறி, நாற்பது நாட்களாக மத்தியச் சிறையில் தனிச் செல்லில் அடைத்திருக்கிறார்கள். காவலர்கள் கேவலமாகப் பேசுகிறார்கள். மனு போட்டும் அம்மாவைப் பார்க்க விடவில்லை. அந்தக் காவலர்கள் மீது வழக்குப் போட முடியுமா?

பதில்: காவலர்களின் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் தம்பியைத் தனிச் செல்லுக்கு அனுப்பிய எழுத்துப்பூர்வ உத்தரவு இருக்கிறதா, அது அமர்வு நீதிபதியின் பார்வைக்குச் சென்றதா என்பதே முக்கியம். சிறைகள் சட்டம், 1894-இன் 46ஆம் பிரிவின்படி, பிற கைதிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத செல் அடைப்பு ஒரு தடவைக்கு 14 நாட்களைத் தாண்டக் கூடாது. அடைத்த அளவுக்கு இடைவெளி விடாமல் மீண்டும் அடைக்கவும் கூடாது. மூன்று மாதம் வரை நீளும் தனி அடைப்பு வேறு வகை. அதில் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது உடற்பயிற்சியும், இன்னொரு கைதியுடன் அமர்ந்து உண்ணும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். தண்டனையாகச் செல்லில் அடைப்பதை அமர்வு நீதிபதி பரிசீலிக்க வேண்டும், அவசரமெனில் இரண்டு நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சுனில் பத்ரா என்ற கைதியின் வழக்கில் 1979ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சட்டம் இவ்வளவு சாதகமாக இருந்தும், கைதி கையெழுத்திட்ட ஒரே காகிதத்தால் ஆட்கொணர்வு மனு (சட்டவிரோத அடைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) தோற்பதைப் பார்த்திருக்கிறேன். "என் பாதுகாப்புக்காக என்னைத் தனியே வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கிவிட்டால், அது தண்டனையே அல்ல, கைதியே விரும்பிக் கேட்ட ஏற்பாடு என்று சிறை நிர்வாகம் பதில் மனுவில் சொல்லிவிடும். அதைவிட ஆபத்தானது மன்னிப்புக் கடிதம். செல்லிலிருந்து வெளியே வந்தால் போதும் என்ற தவிப்பில் எழுதித் தரப்படும் அந்தக் கடிதம் குற்ற ஒப்புதலாகத் தண்டனைப் பதிவேட்டில் ஏறும், தண்டனைக் கழிவை, அதாவது தண்டனைக் காலத்தில் குறைக்கப்படும் நாட்களைப் பறிக்கும், செல்போனுக்காகத் தனி வழக்கு இருந்தால் அங்கேயும் போய்ச் சேரும். பதினான்கு ஆண்டுகள் கழித்து முன்விடுதலைக்குப் பரிசீலிக்கும்போதும் கோப்பில் அதுவே முதலில் கண்ணில் படும். ஆகவே இந்த வாரமே வழக்கறிஞர் நேரில் சென்று, எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று உங்கள் தம்பியிடம் சொல்லட்டும். ஏற்கெனவே இட்டிருந்தால் என்ன எழுதினார் என்பதைக் கேட்டு வரட்டும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசமே நல்லது. உத்தரவின் நகலைக் கேட்டுக் கண்காணிப்பாளருக்கு எழுதி, அமர்வு நீதிபதியாகவும் இருக்கும் முதன்மை மாவட்ட நீதிபதிக்கும் ஒரு படி அனுப்புங்கள். பதிவேட்டில் தண்டனை ஏறாமல் சாதாரணப் பிளாக்குக்கு மாற்ற நிர்வாகம் முன்வந்தால், காவலர்கள் மீதான புகாரைக் கைவிடுங்கள். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் அந்தப் புகாரை வெளியே நீங்கள் நடத்தும் ஒவ்வொரு நாளும் உள்ளே உங்கள் தம்பிதான் அந்தக் காவலர்களுடன் இருக்கப் போகிறார். நிர்வாகம் மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். அப்போதும் மனுவில் உத்தரவு இல்லாததையும் நாள் வரம்பு மீறப்பட்டதையும் தவிர வேறெதையும் சேர்க்காதீர்கள்.