ஆஃபர் லெட்டரில் ஒரு பிழைகூட இல்லையே, சார்?

ஏப்ரல், மே வந்தால் சேலம் மார்க்கெட்டில் மாம்பழம் இறங்கும். என் மேஜையில் வெளிநாட்டு ஆஃபர் லெட்டர்கள் இறங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி திறக்கிற நாடுகள் ஆள் எடுக்கும் காலம் இது. நல்ல அழைப்பும் இப்போதுதான் வரும், போலியும் அதற்குள் புகுந்துதான் வரும். வளைகுடாவில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து மற்றவர்களின் காகிதங்களைப் படித்துச் சொல்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் சில.

ஏற்காட்டில் ஒரு உறைவிடப் பள்ளியில் ஒன்பது வருடமாக ஆங்கிலம் எடுக்கிறேன். இங்கிலாந்தில் ஒரு பள்ளியிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. நான் விண்ணப்பிக்கவில்லை, லிங்க்ட்இன்னில் என்னைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பள்ளி நிஜமாகவே இருக்கிறது. கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. கூடவே ஒரு சான்றிதழும் இருக்கிறது, விசா வேலைக்காக ஒரு பாரிஸ்டர் பணம் கேட்கிறார். நம்பலாமா?
(ஆசிரியை, ஏற்காடு)

பிழை இருந்தால் போலி, இல்லாவிட்டால் நிஜம் என்ற காலம் மலையேறிவிட்டது, அம்மா. இப்போது தப்பில்லாத ஆங்கிலத்தைக் கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது. பள்ளி நிஜம் என்பதும் ஆறுதல் இல்லை. நிஜப் பள்ளியின் பெயரைத்தான் திருடுவார்கள். இல்லாத பள்ளியின் பெயரைத் திருடி என்ன லாபம்?

நீங்கள் அனுப்பிய பிரதியைத் தாளில் எடுத்து வைத்துப் பார்த்தேன். பள்ளியின் இணைய முகவரி, அங்கே பல பள்ளிகளுக்கு இருப்பதைப் போல, 'டாட் எஸ்சிஎச் டாட் யூகே' என்று முடிகிறது. உங்களுக்குக் கடிதம் வந்த மின்னஞ்சலோ பள்ளிப் பெயரோடு ஒரு கோடு போட்டு, 'ரெக்ரூட்மென்ட்' சேர்த்து, 'டாட் காம்' என்று முடிகிறது. அடியில் உள்ள தொலைபேசி எண் +44-க்கு அப்புறம் 7-இல் தொடங்குகிறது. அது அங்கே மொபைல் எண். பள்ளி அலுவலகத்தின் லேண்ட்லைன் பெரும்பாலும் 1 அல்லது 2-இல் தொடங்கும்.

அடுத்தது, கூடவே இணைத்திருக்கிறார்களே, தங்க நிற முத்திரையோடு 'சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்', அது. வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுப்பதற்காகப் பள்ளி தருவது அது. பெயர்தான் சான்றிதழ், உண்மையில் அது பிரிட்டிஷ் குடியேற்றத் துறையின் கணினியில் பதிவாகும் ஒரு குறிப்பு. விண்ணப்பிக்கிறவர் கைக்கு வருவது ஒரு எண் மட்டுமே. முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, பூவேலை பார்டரோடு அனுப்பினார்கள் என்றாலே யாரோ ஒரு டிசைனர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

அப்புறம் அந்த 'பாரிஸ்டர்', அதாவது அந்த ஊர் வக்கீல். உங்கள் சார்பில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய 480 பவுண்டு கேட்கிறார். அப்படி ஒரு சடங்கே அந்த விசாவில் கிடையாது. விசாக் கட்டணம், வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம், இந்த இரண்டும் உண்டு. இரண்டையும் நீங்களே பிரிட்டிஷ் அரசு இணையதளத்தில் கட்டுவீர்கள். நடுவில் ஆள் கிடையாது.

இப்படி வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் முழுப் பட்டியலை அந்த அரசே வெளியிடுகிறது. யாரும் இறக்கிப் பார்க்கலாம். அதில் பள்ளியின் பெயர் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. இருந்தாலும் முடிந்துவிடவில்லை: பள்ளியின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் போட்டு, "இந்தப் பெயரில் எனக்குக் கடிதம் அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போட்டால் அதே பாரிஸ்டர்தான் எடுப்பார்.

தென் கொரியாவில் ஆங்கில டியூஷன் சென்டரில் வேலை, மாதம் இரண்டு லட்சம் ரூபாய், ஈ-2 விசா என்கிறார்கள். நான் எம்.ஏ. ஆங்கிலம். ஏஜென்ட் கட்டணம் மூன்றரை லட்சம்.
(ஓமலூர்)

தம்பி, இந்தக் கடிதத்தைப் படிக்கவே வேண்டாம். ஈ-2 என்பது மொழி கற்பிக்க வருகிறவர்களுக்கான விசா. தனியார் மையங்களில் ஆங்கிலம் கற்பிக்க அது ஏழே நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. உங்கள் ஆங்கிலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. நியாயமா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் சட்டம் அது.

ஏஜென்ட்டிடம் இதைச் சொன்னால், "இந்தியா-கொரியா ஒப்பந்தம் இருக்கிறதே" என்பார். இருக்கிறது. 2010-இல் நடப்புக்கு வந்த அந்தப் பொருளாதார ஒப்பந்தத்தில், அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலத் துணை ஆசிரியராக இந்தியர் போக ஒரு சிறு வழி உண்டு. அதற்கு ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். டியூஷன் சென்டருக்கு அது செல்லாது. கால்வாசி உண்மையைக் கலந்தால்தானே பொய் செரிக்கும்!

சீனாவுக்கும் இதே கதைதான். அங்கே ஆங்கில ஆசிரியர் வேலைக்கு, பொதுவாக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவரையே கேட்கிறார்கள். வேலைக்கு இசட் விசா வேண்டும். அதற்கும் முன்னால் வேலை அனுமதி அறிவிப்பு வர வேண்டும். "பிசினஸ் விசாவில் வாங்க, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர், பிடிபடும்போது உங்கள் பக்கத்தில் நிற்கமாட்டார்.

முதலில் பார்க்க வேண்டியது, என் பாஸ்போர்ட்டுக்கு இந்த நாட்டில் இந்த வேலை சட்டப்படி கிடைக்குமா என்பதை. அதற்கு அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் அரை மணி நேரம் போதும். கடிதத்தை ஆராய்வது அதற்கு அப்புறம்தான். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கன்சல்டன்சி. போர்டில் 'அரசு அங்கீகாரம்' என்று இருக்கிறது, சுவரில் சர்டிஃபிகேட் மாட்டியிருக்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?
(கொண்டலாம்பட்டி)

சுவரில் இருப்பது பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவாகவோ கடைப் பதிவாகவோ இருக்கும். இட்லிக் கடைக்கும் அது உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் உள்ள குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். மாணவர்களைப் படிக்க அனுப்பும் கன்சல்டன்சிக்கு இந்த உரிமை தானாக வந்துவிடாது. இதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் குழப்பம்.

பதிவு எண்ணை வாங்கி, அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா, எல்லாம் வரும். முகவரி சென்னையில் இருந்து, இங்கே இருப்பவர் "அவர்களோட சப்-ஏஜென்ட்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீதோடு. மேலே உள்ள தம்பியின் மூன்றரை லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"பத்தாவது பாஸ், உங்களுக்கு எமிகிரேஷன் கிளியரன்ஸே (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தரும் அனுமதி) வேண்டாம், அதனால் எங்களுக்கும் பதிவு வேண்டாம்" என்று ஒரு வாதம் ஓடுகிறது. முதல் பாதி சரி. இரண்டாம் பாதி சட்டத்தில் இல்லை.

என் மகனுக்குத் தாய்லாந்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை. டிக்கெட்டே அனுப்பிவிட்டார்கள், டூரிஸ்டாக இறங்கினால் போதும் என்கிறார்கள், எங்களிடம் ஒரு பைசா கேட்கவில்லை. அதனால் போலியாக இருக்காது அல்லவா?
(ஒரு தாய், அம்மாப்பேட்டை)

அம்மா, இருக்கிற கேள்விகளிலேயே எனக்குப் பயம் தருவது உங்களுடையதுதான். பணம் கேட்காத போலிக்குப் பணத்தைவிடப் பெரியது ஒன்று வேண்டும்: பையனே வேண்டும்.

தாய்லாந்தில் ஆசிரியர் வேலைக்கு, புறப்படும் முன்பே வேலைக்குரிய நான்-இமிகிரன்ட் பி விசா வாங்குவதுதான் முறை. அங்கே போய் வேலை அனுமதியும் ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியும் வேண்டும். உங்கள் மகனிடம் "டூரிஸ்டாக இறங்கினால் போதும்" என்று சொல்லியிருக்கிறார்கள். பாங்காக்கில் இறங்கியவர்களை வேனில் ஏற்றி, பல மணி நேரம் ஓட்டி, மே சோட் என்ற எல்லை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். மோய் ஆற்றைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. அங்கே மதில் கட்டிய வளாகங்களில் அடைத்து ஆன்லைன் மோசடி செய்யவைக்கிறார்கள். 2022-இலேயே வெளியுறவு அமைச்சகம் இதைப் பற்றி எச்சரித்தது. 2025 மார்ச்சில் விமானப் படை விமானங்கள் போய், இரண்டே நாளில் 549 இந்தியர்களைத் திரும்பக் கொண்டுவந்தன.

மகனிடம் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். பள்ளியின் பெயரும் ஊரும் என்ன? விசா எந்த வகை, யார் வாங்கித் தருகிறார்கள்? வேலைக்கு எடுத்தபோது பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்களா, அல்லது டைப்பிங் வேகம் கேட்டார்களா? டைப்பிங் வேகம் கேட்டிருந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுங்கள்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஆங்கிலம். மற்ற ஆசிரியர்களின் சம்பளமும் என் கணக்குக்கு வரும், நான் பிரித்து அனுப்ப வேண்டும், இரண்டு சதவீதம் கமிஷன்.
(ஆத்தூர்)

வேண்டாம். அது திருட்டுப் பணம் கடக்கும் பாலம். போலீஸ் வரும்போது பாலத்தின் பெயர் உங்களுடையதாக இருக்கும். ஏற்கெனவே பணம் வந்திருந்தால் எதையும் அனுப்பாமல் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

முந்தாநாள் 85,000 ரூபாய் யுபிஐயில் அனுப்பிவிட்டேன். இப்போது போன் எடுக்கவில்லை. வெளியே சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
(சங்ககிரி)

கூச்சத்தை அடுத்த வாரத்துக்கு ஒத்திவையுங்கள். இதைப் படித்தவுடன் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், பணம் போன கணக்கு, எல்லாம் கையில் இருக்கட்டும். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன்பு நிறுத்தி வைக்க முடியும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், கோபத்தில் அவனைப் பிளாக்கும் செய்யாதீர்கள். ஆதார் நகல் கொடுத்திருந்தால் ஆதார் தளத்தில் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிடுங்கள்.

இன்னொன்று. "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், 5,000 மட்டும் கட்டுங்கள்" என்று சில நாளில் ஒருவர் வருவார். அவரும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

துபாய்ப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது, விசா எல்லாம் சரியாக இருக்கிறது. சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உள்ளது. வழக்கம்தானே?
(செவ்வாய்ப்பேட்டை)

வழக்கமாக இருந்தது, சரியாக இருந்ததில்லை. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது. வேறு ஆள் அதைப் பிடித்து வைக்க முடியாது.

நான் முதலில் போன பள்ளியிலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ்போர்ட் இருந்த பீரோவின் சாவி வைத்திருந்தவர் லீவில் போயிருந்த வாரத்தில் எங்கப்பா இறந்துபோனார். பீரோ திறந்து, நான் சேலம் வந்து சேர்ந்தபோது கருமாதிதான் மிச்சம் இருந்தது. ஒப்பந்தத்தில் அந்த வாசகத்தை அடித்துவிடச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பள்ளி என்றால் ஒரு மெயிலில் அடித்துவிடும். விசாவுக்காக நாலைந்து நாள் கேட்டால் கொடுங்கள், எழுதி வாங்கிக்கொண்டு. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டமும் சொல்கிறது. அந்தச் செலவைச் சம்பளத்தில் பிடிப்பதாக ஒப்பந்தத்தில் வாசகம் ஏதாவது இருக்கிறதா என்று அதையும் பாருங்கள்.

எல்லாமே போலி என்றால், உண்மையான அழைப்பு எப்படித்தான் இருக்கும்?
(நாகலூர், ஏற்காடு)

கொஞ்சம் எரிச்சலூட்டும். அதுதான் அடையாளம். மாதக்கணக்கில் இழுக்கும். போலீஸ் நற்சான்று கேட்பார்கள். அதைப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி நீங்களே வாங்கலாம். பட்டத்துக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் உறுதிச் சான்று) முத்திரை கேட்பார்கள். முன்பு வேலை பார்த்த பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு நேராகப் போன் போடுவார்கள். பிள்ளைகளிடம் அனுப்பும் ஆளைப் பற்றி விசாரிக்காத பள்ளி, பள்ளியே இல்லை.

நேர்காணலில் சம்பளம் கடைசியில்தான் வரும். முதலில், "ஏழு வயதுப் பிள்ளைகள், ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, 'இஸ்', 'ஆர்' வித்தியாசத்தை எப்படிச் சொல்லித் தருவீர்கள்? இப்போதே பத்து நிமிடம் நடத்திக் காட்டுங்கள்" என்பார்கள். நீங்கள் இரண்டு கொய்யாப்பழத்தையும் ஒரு வாழைப்பழத்தையும் வைத்துக்கொண்டு நடத்துவீர்கள். நடுவில் குறுக்கே கேள்வி கேட்பார்கள். போலி ஆட்கள் இதை மட்டும் செய்வதே இல்லை. பாடத்தை மதிப்பிட அவர்களுக்குத் தெரியாது, பொறுமையும் இல்லை.

அந்த நேர்காணல் மழை நாளில் வந்தால் மேலே நெட்டை நம்பி உட்காராதீர்கள். முதல் நாளே இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். பழத்தையும் கீழேயே வாங்கிக்கொள்ளலாம்.