ஆர்எஸ்எஸ் ஓடை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

தளங்களில் புதிதாக வரும் பதிவுகளை நமக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை, கூகுள் ரீடரோடு போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2013 ஜூலையில் மூடப்பட்ட கூகுள் ரீடர், பல தளங்களின் ஓடைகளை ஓரிடத்தில் படிக்க உதவிய ஒரு வாசிப்பான் மட்டும்தான். ஓடை எந்த நிறுவனத்தின் சொத்தும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். தளத்தில் சும்மா கிடக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது மென்பொருள் படிக்கும்படி குறிகள் இட்ட உரைக்கோப்பு. பதிவு ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, சுட்டி, வெளியான தேதி, கொஞ்சம் உரை. வாசிப்பான் அவ்வப்போது போய் அதை எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்து வரும். ஒன்றும் மாறவில்லை என்றால் சர்வர் '304' (மாற்றமில்லை என்பதற்கான எண்) என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம். ஆர்எஸ்எஸ், 1999இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிறந்த யோசனை. பாட்காஸ்ட் கேட்பவர்களில் பலர் தெரியாமலே இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே உரையோடு ஒலிக்கோப்பின் முகவரியும் சேர்ந்து வரும், அதுதான் வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது அந்தத் தேதி வரிசை. எதை நான் பார்க்க வேண்டும் என்று எந்த அல்காரிதமும் நடுவில் புகுந்து முடிவு செய்வதில்லை. சண்டை மூட்டும் பதிவு மேலே ஏறுவதும் இல்லை. ஆனால் செய்தித்தளங்களைச் சேர்த்துவிடாதீர்கள், மூச்சு முட்டிவிடும் (பட்ட அனுபவம்). சில தளங்கள் இரண்டு வரி மட்டும் காட்டி உள்ளே இழுப்பதும் எரிச்சல்தான்.

சரி, முயன்று பார்க்க வேண்டுமா? வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் பெரும்பாலான தளங்களில் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு, 'ஃபீட்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்தால் ஓடை வந்துவிடும்.