இங்கிலாந்தின் பழைய செங்கல் மாளிகைகளில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்கலாம், ஏன்?

நார்ஃபோக்கில் உள்ள ஆக்ஸ்பரோ மாளிகையைப் பாருங்கள். கட்டுமானத் துறையில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றும் எனக்கு, செங்கல்லைக் கொண்டு இவ்வளவு செய்ய முடியுமா என்ற வியப்பைத் தந்த கட்டடம் அது.

1482-இல் நான்காம் எட்வர்டு மன்னரிடம் ஞாயில்களுடன் (கோட்டை மதிலின் உச்சியில் பல்வரிசை போல நிற்கும் தடுப்புகள்) கட்டிக்கொள்ள அனுமதி பெற்று எட்மண்ட் பெடிங்ஃபெல்ட் இதை எழுப்பினார். நார்ஃபோக் அமைந்த கிழக்கு இங்கிலாந்தில் நல்ல கட்டடக் கல் கிடைப்பது அரிது, களிமண்ணுக்கோ பஞ்சமில்லை. அதனால் அங்கே செங்கல் வேலை செழித்தது. கடலுக்கு அப்பால் நெதர்லாந்துப் பகுதியில் வளர்ந்திருந்த தொழில்நுட்பத்தின் செல்வாக்கும் அதற்குத் துணை நின்றது. அகழி நீரிலிருந்து நேராக எழும் சுவர்களின் நடுவே, ஏறத்தாழ 80 அடி உயரத்துக்கு, இருபுறமும் எண்கோணக் கோபுரங்களுடன் வாயில் நிற்கிறது. தொலைவிலிருந்து பார்க்கும்போது கோட்டை போலத் தோன்றினாலும், வாயிலுக்கு மேலே வெளியை நோக்கி அகலமான சாளரங்களைத் திறந்து வைத்திருப்பதைக் கண்டால், பகைவரைத் தடுப்பதைவிடக் குடும்பத்தின் பெருமையைக் காட்டுவதே கட்டியவரின் முதல் நோக்கம் என்பது புரிந்துவிடும்.

ஆனால் நீங்கள் நின்று பார்க்க வேண்டியது வாயிற்கோபுரத்தின் உள்ளே இருக்கும் சுழற்படிக்கட்டைத்தான். படிகளைத் தாங்கும் அடிப்பகுதி முழுவதும் சுழன்று ஏறும் செங்கல் வளைவு. கைப்பிடிகூட மரமல்ல, அச்சில் வார்த்துச் சுட்ட செங்கற்களைச் சுவருக்குள் பள்ளமாகப் பதித்து அமைத்தது. அதன் மேல் கையை வைத்தபடி ஏறினேன். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே சாந்துக் கோடு விரலுக்குத் தட்டுப்பட்டதே தவிர, வளைவு எங்கும் முறியவில்லை. ஒவ்வொரு கல்லும் இரு திசைகளில் வளைந்து ஏற வேண்டிய இடத்தில் இந்த ஒழுங்கைக் கொண்டுவர எத்தகைய கொத்தனார் இருந்திருக்க வேண்டும்!

மேலே, கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் பாதிரியார்களை மறைத்து வைக்க அமைத்த மறைவறை ஒன்றும் உண்டு. மூடிவிட்டால் அதன் கதவு தரையோடு தரையாகிவிடும்.

எல்லாம் பழையபடியே இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். தெற்குப் பக்கத்திலிருந்த பெருங்கூடத்தை 1775-இல் இடித்துவிட்டார்கள். அதுதான் இந்த மாளிகைக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு என்பேன். 1830-களில் தொடங்கிய புதுப்பிப்பில் பல பகுதிகள் மாற்றப்பட்டன. அவற்றைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் பழைய செங்கல்லின் தன்மை அறிந்து செய்த வேலை என்றே எனக்குப் பட்டது. 1951-இல் மாளிகை விற்கப்பட்டு இடிபடவிருந்தபோது, சிபில் பெடிங்ஃபெல்ட் சீமாட்டியும் அவருடைய உறவினர்களான இரு பெண்களும் தங்கள் வீடுகளை விற்று அதை மீட்டு, 1952-இல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். நான் கை வைத்து ஏறிய படிக்கட்டு இன்றும் நிற்பது அவர்களால்தான்.