வாசகர் கேள்வி – பதில்: நாடக மேடையில் காணொளி

கேள்வி: இப்போதைய நாடகங்கள் பலவற்றில் பின்னால் திரை கட்டிக் காணொளி காட்டுகிறார்கள். கண் திரைக்கே போய்விடுகிறது, நடிகர் சிறுத்துப்போகிறார். நாடகத்துக்கு இது தேவைதானா?

பதில்: உங்கள் குறை நியாயமானது. அசையும் படமும், அசையாமல் நின்று பேசும் மனிதரும் ஒரே நேரத்தில் எதிரே இருந்தால், கண் படத்தின் பக்கமே சாயும். ஆனால் அந்தப் பிழை இயக்குநருடையது. 1927-இல் பெர்லினில், எட்டு ஆண்டுகள் மனநல விடுதியில் அடைபட்டு வெளியே வரும் ஒருவனைப் பற்றிய எர்ன்ஸ்ட் டோலரின் நாடகத்தை மேடையேற்றிய எர்வின் பிஸ்காட்டர், அவன் காணாமல் விட்ட அந்த ஆண்டுகளின் உலகைத் திரைப்படத் துண்டுகளாகக் காட்டினார். வசனத்தில் சொல்லப் புகுந்தால் நீண்டுவிடும் செய்தி அது. அதைக் கண்ட பிறகு அவனது தடுமாற்றத்துக்கு விளக்கமே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது நேரடிக் கேமராதான். 2006-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் கேட்டி மிட்செல் இயக்கிய நாடகத்தில், நடிகர்களே கேமராவைப் பிடித்து, விளக்கைத் திருப்பி, ஒலிகளை எழுப்பி, பார்வையாளரின் கண்ணெதிரே படத்தை உருவாக்கினார்கள். கடிதத்தைப் பிரிக்கும் விரலின் நடுக்கம் கடைசி வரிசைக்கு ஒருபோதும் எட்டாது. கேமரா அதை எட்டச் செய்கிறது, அந்த விரலுக்குரியவரோ அங்கேயே நிற்கிறார். இங்கே நடிகர் இல்லாமல் திரைக்கு வாழ்வில்லை. வெறும் மலையையும் மழையையும் பின்னால் ஓடவிடும் காணொளியை நான் ஏற்பதில்லை; திரையை அணைத்துவிட்டு ஒருமுறை ஒத்திகை பார்த்தால், அது வேண்டுமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் குழு முதன்முறையாகப் புரொஜெக்டர் பயன்படுத்தப்போகிறது. நடிகரின் நிழல் திரையில் விழாமலிருக்க என்ன வழி?

பதில்: திரைக்குப் பின்னால் இடமிருந்தால், அதற்கென உள்ள திரையைக் கட்டிப் பின்னாலிருந்தே ஒளியைப் பாய்ச்சுங்கள். இடமில்லையென்றால் புரொஜெக்டரை உயரத்தில் மாட்டி, நடிகரைத் திரையிலிருந்து சில அடி முன்னே நிறுத்துங்கள். அவர்மீது விழும் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். நேரே முன்னாலிருந்து வந்தால் படம் வெளுத்துவிடும்.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். கறுப்புப் படத்தைப் போட்டாலும் புரொஜெக்டரிலிருந்து மங்கலான சாம்பல் ஒளி கசிந்துகொண்டே இருக்கும். மேடை முழுதும் இருளும் கணத்தில் அந்தச் சாம்பல் சதுரம் தனியே தெரிந்து காட்சியைக் கெடுக்கும் என்பதால், லென்ஸுக்கு முன்னால் ஒரு மூடியைப் பொருத்தி, அதைத் திறக்கவும் மூடவும் ஒருவரை நியமித்து, அவரையும் எல்லா ஒத்திகைகளுக்கும் வரச் சொல்லுங்கள்.