மாமா கேட்கும் மண்டபமும் மனைவியின் 18 பவுனும்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 36, சம்பளம் 42,000. 2021-ல் மூத்த தங்கச்சியின் நிக்காஹ்வுக்காக மனைவியின் 18 பவுனை வைத்து 4 லட்சம் வாங்கினேன். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைக்கிறேன். மகனின் சுன்னத் விருந்துக்கு எடுத்த 3 லட்சம் பர்சனல் லோனுக்கு மாதம் 10,550 போகிறது. இன்னும் 14 மாதம் பாக்கி. இப்போது சின்னத் தங்கச்சிக்கு ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. பெரிய மாமாதான், "அத்தா இல்லாத பிள்ளை என்று ஊர் சொல்லிவிடக் கூடாது" என்று காரைக்குடியில் மண்டபம் பிடித்து 900 பேருக்குச் சாப்பாடு போடச் சொல்கிறார். தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் 5 லட்சம் டாப்-அப் தருகிறோம் என்று அடகுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அதில் 1 லட்சத்தை ஷரீஆ ஃபண்டில் போட்டால் வட்டியைச் சமாளிக்கலாம் என்கிறார் மச்சான். கையில் சேமிப்பு 1.4 லட்சம். டாப்-அப் வாங்கலாமா?

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். வாங்க வேண்டாம், தம்பி.

வட்டியைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "மாற்றி வைக்கிறேன்" என்ற வார்த்தை. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்தால் 4 லட்சத்துக்கு மாதம் 4,000, வருடத்துக்கு 48,000. நான்கு வருடக் கணக்கு மட்டும் 1.92 லட்சம் ஆகிறது. கடனில் பாதி அளவுக்குக் கட்டிவிட்டீர்கள், அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. டாப்-அப் வாங்கினால் கடன் 9 லட்சம், வட்டி மட்டும் மாதம் 9,000. லோன் தவணையும் போனால் வீட்டுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 22,000. விலை ஏறியதால் நகையின் மதிப்புத்தான் கூடியிருக்கிறது, உங்கள் சம்பளம் கூடவில்லை. போனில் பேசியவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மச்சானின் யோசனையை உடனே விட்டுவிடுங்கள். ஷரீஆ ஃபண்டு என்பதும் பங்குச் சந்தைதான், ஏறும், இறங்கும். வட்டிக்கு வாங்கிய பணத்தை அதில் போட்டால் அது எப்படி ஹலால் முதலீடாகும்?

இனி மாமா. அவர் உறவின் பெயரால் கேட்கிறார், அதனால்தான் உங்களால் மறுக்க முடியவில்லை. குர்ஆனில் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் உரியதைக் கொடு என்று சொல்லும் அதே வசனம்தான் வீண் விரயம் செய்யாதே என்றும் சொல்கிறது. அடுத்த வசனம் விரயம் செய்பவர்களை ஷைத்தானின் சகோதரர்கள் என்கிறது. உறவுக்கு உரியது என்றால் கஷ்டப்படும் மாமிக்கு மருந்துச் செலவு கொடுப்பது. 900 பேருக்கு ஆளுக்கு 280 என்று 2.52 லட்சத்தைப் பந்தியில் வைப்பது அதில் சேராது. மண்டப வாடகையும் அலங்காரமும் வீடியோவும் தனி.

அதுமட்டுமல்ல. வலீமா என்ற கல்யாண விருந்து மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. பெண் வீட்டார் விருந்து போட்டே ஆக வேண்டும் என்று மார்க்கத்தில் கடமை இல்லை. மாப்பிள்ளையாக வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபிடமே நபி (ஸல்) அவர்கள் ஓர் ஆட்டை அறுத்தாவது வலீமா கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்கள் கொடுத்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. பேரீச்சம்பழம், பாலாடைக்கட்டி, நெய்தான். இன்னொன்று: அத்தாவும் அத்தாவின் அத்தாவும் இல்லாத வீட்டில் தங்கச்சிக்கு வலீ, அதாவது நிக்காஹ்வுக்குப் பொறுப்பாளர், நீங்கள், தாய்மாமா அல்ல. மாமாவின் பாசத்தை மதியுங்கள், முடிவை நீங்கள் எடுங்கள். கஞ்சன் என்று யாராவது சொன்னால் வருந்தாதீர்கள். ஃபுர்கான் அத்தியாயம் 67-வது வசனம் கேட்பது விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவான செலவைத்தான். ஓடும் ஆற்றில் தொழுகைக்காக ஒளூ (கை, முகம், கால் கழுவுதல்) செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்ற நபிமொழியை ஜும்ஆ பயானில் கேட்டிருப்பீர்கள். நம் ஊரில் ஆச்சிமார் சொல்லும் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பதும் அதே கணக்குத்தான்.

பள்ளிவாசலில் நிக்காஹ், வீட்டில் 150 பேருக்குச் சாப்பாடு. அதே ஆளுக்கு 280 கணக்கில் 42,000 ஆகும். துணிமணி, மற்ற செலவு எல்லாம் சேர்த்தாலும் 1.4 லட்சத்துக்குள் முடியும்.

அப்புறம் அந்த 18 பவுன். அது மஹராக (மணமகன் மணமகளுக்குத் தரும் கொடை) வந்ததோ தாய்வீட்டுச் சீரோ, உங்கள் மனைவியின் சொத்து. அவர் எதிர்த்துப் பேசாததால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் மனமொப்பினால், இன்றைய விலையில் சில பவுனை விற்றாலே 4 லட்சம் அடைந்துவிடும், மீதி நகை வீட்டுக்கு வரும். மாதம் 4,000 மிஞ்சும். விற்ற பவுனை அவருக்குத் தர வேண்டிய கடனாக, ரூபாயில் அல்ல, பவுன் கணக்கிலேயே எழுதி வையுங்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் பகரா 282-தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். ஆலைக்குப் பேரேடு எழுதும் கைக்கு இது கஷ்டமில்லை.

அவர் விற்க வேண்டாம் என்றால் விற்காதீர்கள். 14 மாதம் கழித்து லோன் முடிந்ததும் அந்த 10,550-ஐயும் இப்போது கட்டும் 4,000-ஐயும் சேர்த்து மாதம் 14,550 அடகுக்கே கட்டுங்கள். 33 மாதத்துக்குள் நகை வீடு வரும். மாதாமாதம் அசலில் வரவு வைப்பார்களா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேளுங்கள். வைக்க மாட்டோம் என்றால் வைக்கும் வங்கிக்கு நகையை மாற்றுங்கள்.