பின்லாந்தில் ஏன் இத்தனை ஏரிகள்?

"பின்லாந்தில் 1,88,000 ஏரிகள் இருக்கிறதாமே, ஒரே நாட்டில் அத்தனை எப்படி வந்தன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எல்லாம் பனியின் வேலை. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் நாடு முழுவதும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் கனப் பனிக்கு அடியில் கிடந்தது. அந்தப் பனி தன் எடையாலேயே நகர்ந்துகொண்டிருந்தது. அடியில் சிக்கிய கற்கள் பாறையைச் சுரண்டின; விரிசல் விட்ட இடங்கள் பள்ளமாயின. உருகும்போது பள்ளங்களில் நீர் தேங்கியது. பனி விட்டுப்போன சரளையும் மண்ணும் பல இடங்களில் நீர் ஓடும் வழியையே அடைத்துவிட்டன.

இதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. ஹெல்சிங்கியில் சாதாரணப் பூங்காப் பாறையிலேயே தெரியும். வடமேற்குப் பக்கத்தைத் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். பனி ஏறிவந்த பக்கம் அது. தென்கிழக்குப் பக்கம் பிய்த்தெடுத்த மாதிரி சொரசொரப்பாக இருக்கும். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் குனிந்து பார்த்தால் ஒரே திசையில் ஓடும் கீறல்களும் தென்படும். எனக்கு இன்னும் அலுக்காத காட்சி.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: அந்த வேலை இன்னும் முடியவில்லை. பனியின் பாரத்தால் அமுங்கிய நிலம், பாரம் போய்ப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் மெல்ல எழும்பிக்கொண்டே இருக்கிறது. மேற்குக் கரையில் வாசா நகரப் பக்கம் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அங்கே கடல் ஆழமில்லாதது. கரை சரிவும் மிகக் குறைவு. ஒருவர் வாழ்நாளுக்குள் அரை மீட்டர் உயர்ந்தாலே படகுத்துறை தரைதட்டிவிடும். வாசாவே இடம் மாறிய ஊர்தான். துறைமுகம் தூர்ந்துகொண்டே வந்தது. 1852 தீவிபத்தில் ஊர் எரிந்ததும், சுமார் 7 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரமாகப் புதிய ஊரைக் கட்டிக்கொண்டார்கள்.

தென்கிழக்கில் சைமா ஏரியும் இப்படி நிலம் உயர்ந்ததால் கடலிலிருந்து பிரிந்ததுதான். அதில் சிக்கிக்கொண்ட கடல்நாய்கள் நன்னீருக்குப் பழகி, இன்று சில நூறு மட்டும் அங்கே வாழ்கின்றன. உலகில் வேறெங்கும் அந்த இனம் கிடையாது.

போக வாய்ப்புக் கிடைத்தால் வாசாவுக்கு எதிரே உள்ள குவார்க்கன் தீவுக்கூட்டத்துக்குப் போங்கள். 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பியோர்கோ கிராமத்துப் பக்கம் ஒரு மரக் கோபுரம் உண்டு. மேலே ஏறினால், பனி பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கல்வரப்புகள் நீரில் வரிவரியாகக் கிடப்பது தெரியும். கோடையில் போவது நல்லது.